லோபோ ஓடைப் பக்கம் மட்டும் வேணாம்

அப்படி இல்லங்க, உள்ளங்கைய வச்சுப் பாக்கக் கூடாது. புறங்கைய வைக்கணும், இப்படி, தரையோட தரையா. ஏழு எண்ணுற வரைக்கும் வச்சிருக்க முடிஞ்சா உங்க நாய் ஓட்டோவும் நடக்கலாம். நாலுலயே கைய இழுத்துக்கிட்டீங்கன்னா அதோட பாதம் வெந்துரும். இப்ப ஏழு மணிகூட ஆகல, ஏப்ரல்தான, பரவால்ல. மே வந்துட்டா ஒன்பதுக்கெல்லாம் வீட்டுக்குள்ள இருக்கணும். போன வருஷம் ஒருத்தரு, உங்கள மாதிரிதான், பனி ஊர்லேர்ந்து இந்தப் பாலைவனத்துக்குக் குடி வந்தவரு. மத்தியானம் ரெண்டு மணிக்குக் கடைக்குப் போறேன்னு நாயையும் நடத்திக் கூட்டிட்டுப் போயிட்டாரு. கார் நிறுத்துற எடத்துல பாதி தூரத்துல அது உக்காந்துருச்சு. பிடிவாதம் பண்ணுதுன்னு நினைச்சு இழுத்திருக்காரு. அப்புறம் தூக்கிப் பாத்தா நாலு பாதத்துத் தோலும் கழண்டு தாரோட ஒட்டிக்கிட்டு இருக்கு. அந்த மனுஷன் அங்கேயே உக்காந்து அழுதாரு. நான் பள்ளிக்கூட சமையல்கட்டுலேர்ந்து ஐஸ் வாளியத் தூக்கிட்டு ஓடினேன்.

ஆமா, அங்கதான் வேலை. பத்தொன்பது வருஷம். இன்னிக்கு லீவு சொல்லிட்டேன்.

இந்தாங்க, இந்தச் சீப்ப வச்சுக்குங்க. வேணாம்னு சொல்லாதீங்க இங்ரிட், இது இல்லாம இந்த ஊர்ல நாய் வளக்க முடியாது. தாவுற கள்ளின்னு ஒன்னு இருக்கு. தூரத்துலேர்ந்து பாத்தா பொம்மைக் கரடி மாதிரி மெத்துன்னு இருக்கும். லேசா உரசினா போதும், ஒரு உருண்டை அப்படியே பிச்சுக்கிட்டு வந்து ஒட்டிக்கும். நாய் சும்மா இருக்குமா, வாயால பிடுங்கப் பாக்கும். நாக்கு, அண்ணம், ஈறு எல்லாம் குத்திக்கும். கையால எடுக்கப் போனீங்கன்னா உங்க கையையும் அதோட சேத்துத் தச்சுரும். சீப்ப அடியில விட்டு ஒரே சுண்டு. மிச்சத்துக்கு, அது கழுத்த உங்க ரெண்டு முட்டிக்கு நடுவுல இறுக்கிக்கிட்டு, இடுக்கியால ஒவ்வொன்னா. கத்தும். கத்தட்டும். என் நாய் இந்த பிண்ட்டோவுக்கு ஒரு தடவ முப்பத்தேழு முள்ளு எடுத்தேன். என்னைக் கடிச்சான், இதோ இந்தத் தழும்பு அதுதான். எடுத்து முடிச்சதும் அதே கைய நக்கிக்கிட்டு உக்காந்திருந்தான்.

நீங்க நர்ஸுன்னு அன்னிக்கே சொன்னீங்கல்ல, அதான் இதெல்லாம் தைரியமா சொல்றேன். முப்பது வருஷம் ரத்தத்தப் பாத்தவங்க.

மழைக்காலத்துல தேரை வரும், இவ்வளவு பெருசு, ஒரு ரொட்டி அளவு. நாய் அத நக்கிட்டா வாயில நுரை தள்ளி, கண்ணு சொருகி, கால் மணி நேரத்துல போயிரும். உடனே தண்ணிக் குழாய வாயோட ஓரத்துல வச்சு வெளிப்பக்கமா அடிக்கணும், தொண்டைக்குள்ள அடிச்சிரக் கூடாது. கிலுகிலுப்பைப் பாம்புக்கு நகராட்சியே பயிற்சி நடத்துது, அக்டோபர்ல ஒன்னு, மார்ச்சுல ஒன்னு. நாய அதுக்குக் கட்டாயம் கூட்டிட்டுப் போங்க. பிண்ட்டோவுக்கு அது முடிஞ்சாச்சு, சத்தம் கேட்டாலே பின்னாடி வந்துருவான். கயோட்டி நரிக்கு இவன் அளவு நாய்ங்க பயப்பட வேண்டியதில்ல. உங்க ஓட்டோவுக்குத்தான் வயசாயிருச்சு. சின்ன நாயா இருந்தா சுவரத் தாண்டி வந்து தூக்கிட்டுப் போயிரும். எங்க தெருவுல ஒரு அம்மா கயித்தப் பிடிச்சுக்கிட்டு நிக்கும்போதே, அந்தப் பக்கம் நாயக் கவ்விட்டு இழுத்துச்சு. அந்தம்மா விடல, நரியும் விடல. கடைசில கயிறு மட்டும் மிஞ்சுச்சு.

உங்க வீட்டுச் சுவரு எவ்வளவு ஒசரம்? ஆறடியா. ஆறடி போதும். பின்பக்கம் நிழல் இருக்கா, மரம் ஏதாவது? மெஸ்கீட் மரமா, நல்லது, அடியில தண்ணி வச்சிருங்க. தனியாத்தான இருக்கீங்க? பகல்ல வெளிய போறதில்லையே? சும்மா கேட்டேன். கிழக்கு மூலையில, கால்வாய் தாண்டி, அந்தப் புது வீடுங்கதான? நல்ல எடம். இந்தப் பக்கத்து ஆளுங்க யாரும் அங்க வரமாட்டாங்க.

நடக்குறதுக்கா? நிறைய இருக்குங்க. உங்களுக்குப் பக்கத்துலயே கால்வாய்க் கரை, நாலு மைல், ஒரே மட்டமா இருக்கும், ஓட்டோ முட்டிக்கு ஏத்தது. கயிறு போட்டிருக்கணும், ஆறடிக்கு மேல இருக்கக் கூடாது, அவ்வளவுதான் சட்டம். அப்புறம் கழுதைப் பாதை. ஏத்தம் கொஞ்சம் ஜாஸ்தி, ஆனா மேல ஒரு பாறைக் குழி இருக்கு, மார்ச் வரைக்கும் தண்ணி நிக்கும். நாய்ங்க அதுல விழுந்து புரளும். அங்க சனிக்கிழமை போகாதீங்க, குதிரைக்காரங்க வருவாங்க. நூலகத்துக்குப் பின்னாடி ஒரு குட்டி பார்க்கு இருக்கு, புல்லு போட்டது, வேலி கட்டினது, கயித்தக் கழட்டி விடலாம். பிண்ட்டோ புல்லப் பாத்தா பைத்தியமாயிருவான். முதுகப் போட்டு உருளுவான், எந்திரிக்கவே மாட்டான். தண்ணித் தொட்டி மலையும் நல்லாத்தான் இருக்கும், ஆனா இப்போதைக்கு வேணாம். நாம உக்காந்திருக்கிற இந்த பார்க்கும் ஒரு மாசத்துக்கு வேணாம்.

என்னது? லோபோ ஓடையா. எங்க பாத்தீங்க, கம்ப்யூட்டர்லயா? நாயோட நடக்க ஏத்த பாதைன்னு நாலு நட்சத்திரம் போட்டிருக்கானா. போட்டிருப்பான். மணல் மெத்துன்னு இருக்கும், ரெண்டு பக்கமும் கரை ஒசரமா இருக்கறதுனால எட்டரை வரைக்கும் நிழலு இருக்கும். மழை பேஞ்சாத்தான் தண்ணி, மத்த நாளெல்லாம் வெறும் மணல். பாதம் சுடாது. முன்ன நாங்க வாரத்துல மூணு நாள் அங்கதான். ஆனா லோபோ ஓடைப் பக்கம் மட்டும் இவன... நாயக் கூட்டிட்டுப் போகாதீங்க.

உங்களுக்குத் தெரியாதா? நீங்க வந்து ரெண்டு மாசந்தான ஆச்சு. ஊர்ல யாரும் சொல்லலையா. போன வருஷம் பிப்ரவரில, ஒரு ஞாயித்துக்கிழமை காலையில அங்க ஒருத்தர சுட்டுட்டாங்க. நாய்த் தகராறு. எஃப்ரைன் லுஹான்னு பேரு, முப்பத்தி நாலு வயசு, வீடு வீடாப் போய் ஏசி ரிப்பேர் பண்றவரு. எங்க பள்ளிக்கூடத்து ஏசியக்கூட ஒரு தடவ சரி பண்ணியிருக்காரு. அவரோட நாயும் செத்துப்போச்சு. சாட்டான்னு பேரு, சப்பை மூக்கு, காப்பிக் கலரு.

யாரு சுட்டதுன்னா... எங்க வீட்டுக்காரரு.

உக்காருங்க இங்ரிட். எந்திரிக்காதீங்க, அவரு இங்க இல்ல. விடிகாலையே லாரிக்கு ஒரு சாமான் வாங்க ஃபீனிக்ஸ் போயிட்டாரு, ரெண்டு மணிக்குத்தான் வருவாரு. வழக்கு எதுவும் இல்ல. விசாரிச்சாங்க, ஆறு வாரம் விசாரிச்சாங்க. தற்காப்புன்னு சொல்லி விட்டுட்டாங்க. நாய் அவுத்து விட்டிருந்துச்சு, பாஞ்சு வந்து எங்க வீட்டுக்காரரு கையக் கடிச்சுச்சு, அவரு நாயச் சுட்டாரு, உடனே அந்த ஆளு குனிஞ்சு அவரு மேல பாய வந்தாரு, அவரு பயந்துபோய் இன்னொரு தடவ சுட்டாரு. பேப்பர்ல அப்படித்தான் வந்துச்சு. கூட இருந்த மனைவியும் அதையே சொன்னாங்கன்னு போட்டிருந்தான். என் பேரு போடல. வெர்னான்னு போட்டிருந்தா நீங்க அன்னிக்கே இந்த பெஞ்சுல உக்காந்திருக்க மாட்டீங்க. பாருங்க, இங்க காலையில பதினஞ்சு பேரு வர்றாங்க, எல்லாரும் அந்த மூலையிலதான் நிக்கிறாங்க. எல்லாரும் இல்ல, பாதிப் பேரு. மீதிப் பேரு வந்து அவரு கையக் குலுக்கினாங்க. சாமான் கடையில முன்னப் பின்ன தெரியாத ஒரு ஆளு அவரு தோளத் தட்டி, யாராவது ஒருத்தர் செஞ்சுதான ஆகணும்னு சொல்லிட்டுப் போனான். எங்க வீட்டு வாசல்ல கேக்கு, சுட்ட கோழி எல்லாம் வச்சுட்டுப் போனாங்க. நல்லவேளை உனக்கு ஒன்னும் ஆகலையேன்னு என்னைக் கட்டிப் பிடிச்சு அழுதாங்க. நானும் அழுதேன். அந்தக் கோழியச் சாப்பிட்டேன். பயந்துக்கிட்டு மட்டுந்தான் இருந்தேன்னு சொன்னா அது பொய்யிங்க. அத்தனை பேரு பரிதாபப்படுறது கொஞ்சம் நல்லாத்தான் இருந்துச்சு.

அவருக்கு முன்னேயிருந்தே அவுத்து விட்ட நாய்னா ஆகாது. முதல்ல நகராட்சிக்கு எழுதிப் போட்டுக்கிட்டு இருந்தாரு, ஃபோட்டோ எடுத்து அனுப்புவாரு. தேதி, மணி, நாய் என்ன கலரு, எல்லாம். அவங்க ஒரு போர்டு வச்சாங்க. அது பத்தல. அப்புறம் தடி எடுத்துட்டு வர ஆரம்பிச்சாரு. ஒரு பொண்ணோட குட்டி நாய் ஓடி வந்து கால மோந்துச்சு, பூட்ஸ் காலால தாடையில ஒன்னு விட்டாரு. பல்லு மணல்ல விழுந்துச்சு. அந்தப் பொண்ணு அதப் பொறுக்கிக்கிட்டுப் போச்சு, எதுக்குன்னு தெரியல, பொறுக்கிக்கிட்டுப் போச்சு. அடுத்த மாசம் இடுப்புல துப்பாக்கி. இந்த மாநிலத்துல அதுக்கு யார்கிட்டயும் கேக்க வேண்டியதில்ல. தடி கனமா இருக்குன்னாரு.

அன்னிக்கா. அன்னிக்கு எட்டு மணி இருக்கும். நான் பிண்ட்டோவப் பிடிச்சுக்கிட்டு முன்னாடி போறேன், அவரு பின்னாடி. வளைவுலேர்ந்து சாட்டா ஓடி வந்துச்சு. வந்த வேகத்துல முன்னங்கால மடிச்சுக் குனிஞ்சு, பின்பக்கத்த மேல தூக்கிக்கிட்டு, வாலு அப்படி ஆடுது. விளையாட வாடான்னு கூப்பிடுறது அது. நாய் வச்சிருக்கிற யாரும் அதத் தப்பாப் புரிஞ்சுக்க முடியாது. பிண்ட்டோவும் குனிஞ்சான். ரெண்டும் சுத்திச் சுத்தி வந்துச்சுங்க.

கடிக்கல இங்ரிட். அது யாரையும் கடிக்கல.

பின்னாடியே அந்த ஆளு மூச்சு வாங்க ஓடி வந்தாரு. கையில கயிறு, அதோட கொக்கி ஒடஞ்சு தொங்குது. அதத் தூக்கிக் காட்டினாரு. மன்னிச்சுக்குங்க சார், இப்பத்தான் ஒடஞ்சுச்சு, அவ ஒன்னும் பண்ண மாட்டா, இதோ பிடிச்சுடுறேன்னு சொன்னாரு. திரும்பிப் பாத்தா எங்க வீட்டுக்காரரு ராய்ஸ் கையில துப்பாக்கி. அந்த ஆளு அப்படியே நின்னுட்டாரு. ரெண்டு கையையும் தூக்கினாரு. ரொம்ப மெதுவா, குழந்தைகிட்ட பேசுற மாதிரி, நான் அவளக் கூட்டிட்டுப் போயிடுறேன், சரியா, குனியப்போறேன், பிடிச்சுக்கிட்டுப் போயிடுறேன்னு ஒவ்வொன்னா சொல்லிச் சொல்லிச் செஞ்சாரு. மண்டி போட்டாரு. ஒரு கையால நாய அணைச்சுக்கிட்டு கயித்தக் கழுத்துப் பட்டையில முடிச்சுப் போட்டுக்கிட்டு இருந்தாரு. முதுகு பாதி எங்க பக்கம். முடிச்சுப் போட்டு முடிச்சாச்சு. நான் பாத்தேன். அப்பத்தான் ராய்ஸ் நாயச் சுட்டான்.

அந்த ஆளு கத்தல. நாய் மேல கவுந்து படுத்துக்கிட்டாரு. தலையத் தூக்கி ராய்ஸப் பாத்து, ஏன்னு கேட்டாரு. அவ்வளவுதான், ஏன். ராய்ஸ் ரெண்டு அடி முன்னால போய்க் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவுல, மேலேர்ந்து கீழ சுட்டான்.

உங்களுக்குத் தெரியும், அந்த எடத்துல பட்டா எப்படி வரும்னு. பொங்கிப் பொங்கி வருது. மணல் குடிச்சுக்கிட்டே இருக்கு. நான் என் கழுத்துத் துணிய எடுத்துக்கிட்டு உக்காந்து அமுக்கினேன். ராய்ஸ் என் முடியப் பிடிச்சுத் தூக்கினான். முப்பத்தோரு வருஷத்துல அறைஞ்சிருக்கான், தள்ளியிருக்கான், முடியப் பிடிச்சது அன்னிக்குத்தான். முதல்ல நீ என்ன பாத்தன்னு சொல்லுடின்னான். நான் ஆம்புலன்ஸுங்கிறேன். நீ என்ன பாத்த. நாய் என்ன பண்ணுச்சு.  முடியப் பிடிச்சே என் தலைய ஆட்டி ஆட்டி, நாய் கடிச்சுச்சு, அவன் பாஞ்சான், சொல்லுன்னான். நாய் கடிச்சுச்சு, அவர் பாஞ்சாருன்னு சொன்னேன். அவரில்ல, அவன். இன்னொரு தடவ. மூணு தடவ சொல்ல வச்சான். கீழ அந்த மனுஷன் உயிரோட படுத்துக் கேட்டுக்கிட்டு இருக்காரு.

அப்புறம் என் முடிய விட்டான். எனக்கு ஒரு காயம் வேணுமேன்னு, ஏதோ கடையில சாமான் மறந்துட்ட மாதிரி சொல்லிட்டு, நாய் பக்கத்துல உக்காந்தான். கட்டியிருந்த கயித்த அவுத்துப் புதருக்குள்ள எறிஞ்சான். செத்த நாயோட வாயத் தொறந்து தன் முன்னங்கைய உள்ள வச்சு, தாடைய ரெண்டு கையா... ஒரு கை உள்ள இருக்கு, இன்னொரு கையாலயும் முட்டியாலயும் சேத்து அமுக்கினான். ரத்தம் வர்ற வரைக்கும். பல்லக் கடிச்சுக்கிட்டு அமுக்கினான். வலிச்சிருக்கும்.

அந்த நேரத்துல நான் சுடுபட்ட அந்த மனுஷன் பக்கத்துலதான் இருந்தேன். அவரால தலையத் திருப்ப முடியல, வானத்தப் பாத்துக்கிட்டு இருக்காரு. சாட்டா இருக்காளான்னு கேட்டாரு. குரலு வரல, உதடுதான். நான் இருக்கா, ஒன்னும் ஆகல, உங்க பக்கத்துலதான் உக்காந்திருக்கான்னு சொன்னேன். நானாச் சொன்ன முதல் பொய் அதுதான். போலீஸ்கிட்ட சொன்னதெல்லாம் அதுக்கப்புறம். அவரு கையத் தரையில தேடினாரு. நான் என்ன பண்ணேன், பிண்ட்டோவ இழுத்து அவரு கைக்குள்ள விட்டேன். இவன் காத அவரு பிடிச்சுக்கிட்டாரு. இவன் நகரவே இல்ல. நடுங்கிக்கிட்டே இருந்தான், ஆனா நகரல. அவரு பிடி விடுற வரைக்கும் இருந்தான். ராய்ஸ் அதுக்கப்புறந்தான் போன எடுத்து நம்பர அமுத்தினான்.

தண்ணி குடிங்க. எனக்கு வேணாம்.

ஏன் சொல்லலன்னு கேக்குறீங்க. ஆறு வாரத்துல அஞ்சு தடவ கேட்டாங்க, ஒவ்வொரு தடவையும் சொல்லியிருக்கலாம். ஒரு பொண்ணு போலீஸ், என்னைத் தனியா உக்கார வச்சு, காப்பி குடுத்து, உங்களுக்குப் பயமா இருந்தா சொல்லுங்கன்னுச்சு. கதவுக்கு அந்தப் பக்கம் அவன் பூட்ஸ் தெரியுது, கீழ இடுக்குல. நாய் கடிச்சுச்சு, அவன் பாஞ்சான்னு சொன்னேன். நல்லா மனப்பாடம் ஆயிருச்சுங்க. கொஞ்ச நாள்ல எனக்கே அப்படித்தான் நடந்த மாதிரி கண்ணுல ஓட ஆரம்பிச்சிருச்சு. சாட்டா வாலு ஆட்டினதே மறந்துபோச்சு.

மறக்காதது இவன்தான். அன்னிலேர்ந்து ராய்ஸ் பூட்ஸ் சத்தம் கேட்டா இருந்த எடத்துலயே மூத்திரம் போயிருவான். ராய்ஸுக்கு அது பொறுக்காது. ஊரெல்லாம் கை குலுக்குது, சொந்த நாய் இப்படிப் பண்ணுதுன்னு. இங்க, இந்தப் பக்கம் தடவிப் பாருங்க. மெதுவா. உங்க விரலுக்குத் தெரியும். மூணு விலா ஒடஞ்சிருக்கு. போன வியாழக்கிழமை ஒதைச்சது. டாக்டர்கிட்ட லாரியிலேர்ந்து குதிச்சுட்டான்னு சொன்னேன். அவரு என்னையப் பாத்தாரு, இவனப் பாத்தாரு. ஆறு வாரம் ஓட விடக் கூடாது, மெதுவா நடக்கலாம்னாரு.

அந்த அம்மாவையும் பாத்தேங்க. எஃப்ரைனோட அம்மா. மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை எல்லைப் பக்கத்துலேர்ந்து பஸ் ஏறி வருவாங்க. அந்த எடத்துல ஒரு சிலுவை நட்டிருக்காங்க, பக்கத்துல நாய்ங்களுக்குன்னு ஒரு கிண்ணத்துல தண்ணி. ராய்ஸ் அதப் பாத்தா காலால தட்டி விடுவான். நான் ஒரு நாள் தனியாப் போயிருந்தேன். நான் யாருன்னு அவங்களுக்குத் தெரியும். திட்டுவாங்க, அடிப்பாங்கன்னு நின்னேன். கடைசில ஏதாவது சொன்னானான்னு மட்டும் கேட்டாங்க. ஒன்னும் சொல்லலம்மான்னேன். தலைய ஆட்டிட்டு மறுபடியும் தண்ணி ஊத்திக்கிட்டு இருந்தாங்க. அன்னிக்காவது சொல்லியிருக்கலாம். சொல்லல. அதத்தான் என்னால... சரி விடுங்க.

போன வியாழக்கிழமை என்ன நடந்துச்சுன்னு சொல்லிடுறேன். தண்ணித் தொட்டி மலை. நாங்க ரெண்டு பேரும், பிண்ட்டோவும். மேலேர்ந்து ஒரு பொண்ணு இறங்கி வருது, இருபது வயசு இருந்தா ஜாஸ்தி, காதுல பாட்டு மாட்டியிருக்கு. முன்னாடி அவளோட குட்டி நாய், மஞ்சக் கலரு, கயிறு தரையில இழுபட்டுக்கிட்டே எங்களப் பாத்து ஓடி வருது. ராய்ஸ் கை இடுப்புக்குப் போச்சு. அது எனக்குப் பழக்கம், எத்தனையோ தடவ பாத்திருக்கேன். ஆனா அன்னிக்கு அவன் நாயப் பாக்கல. அந்தப் பொண்ணையும் பாக்கல. திரும்பி என்னையப் பாத்தான். பாத்தேல்ல, கடிக்க வருது, பாத்தேல்லன்னு கேட்டான். அது இன்னும் முப்பது அடி தள்ளி இருக்கு. சிரிச்ச முகமாத்தான் கேட்டான்.

அப்பத்தான் எனக்கு விளங்குச்சு. துப்பாக்கி அவன் இடுப்புல இருக்கறது பாதிதான். மீதி நான். சாட்சி சொல்ல நான் கூட இல்லன்னா அவன் சுட மாட்டான் இங்ரிட்.

 பிண்ட்டோ கயித்த விட்டுட்டு ஓடிப் போய் அந்தக் குட்டியத் தூக்கிக்கிட்டேன். தூக்கி அந்தப் பொண்ணு கையில திணிச்சு, போன்னு சொன்னேன். அது ஏதோ கிறுக்குக் கிழவின்னு நினைச்சிருக்கும். போயிருச்சு. வீட்டுக்கு வந்ததும் என்னைய ஒன்னும் பண்ணல. பிண்ட்டோவத்தான் ஒதைச்சான். ஒதைச்சுட்டு, ஞாயித்துக்கிழமை லோபோ ஓடைக்குப் போறோம், நாம மூணு பேரும், ரொம்ப நாளாச்சுல்லன்னான். ஞாயித்துக்கிழமை எனக்குக் காய்ச்சல்னு படுத்துக்கிட்டேன். அடுத்த ஞாயிறு வருதுல்ல.

இல்லங்க, நீங்க யார்கிட்டயும் எதுவும் சொல்ல வேண்டாம். நான் நேத்து நூலகத்து போன்லேர்ந்து அரசு வக்கீல் ஆபீஸுக்குக் கூப்பிட்டுட்டேன். இன்னிக்கு எட்டு மணிக்கு வரச் சொன்னாங்க. அவன் மேல இன்னும் வழக்கே போடலைங்கிறதுனால இப்பவும் போட முடியுமாம். பொய் சொன்னதுக்கு என் மேலயும் போடலாமாம். இன்னிக்கே உள்ள வச்சுருவீங்களான்னு கேட்டேன். போன்ல பேசின பொண்ணு, அதெல்லாம் இப்ப சொல்ல முடியாதும்மா, தினம் சாப்பிடுற மாத்திரை இருந்தா எடுத்துட்டு வந்துருங்கன்னுச்சு. எடுத்து வச்சுட்டேன். எங்கிட்ட நாய் ஒன்னு இருக்கு, கூட்டிட்டு வரலாமான்னு கேட்டேன். நாயெல்லாம் இங்க விட மாட்டாங்கம்மான்னுச்சு.

அஞ்சு நாளா உங்களப் பாத்துக்கிட்டு இருக்கேன். முந்தாநாள் ஓட்டோ பெஞ்சு மேல வாந்தி எடுத்துச்சு, நீங்க ஒரு வார்த்தை வையல. முதல்ல அது வாயத் துடைச்சீங்க, அப்புறம் பெஞ்சு, கடைசில உங்க சட்டை. நான் எண்ணிக்கிட்டு இருந்தேன்.

சரின்னு இப்பவே சொல்ல வேணாம். பிண்ட்டோவ ஒரு வாரம் உங்க வீட்டுல வச்சுப் பாருங்க. முடியலன்னா விலா பாத்த அந்த டாக்டர்கிட்ட விட்டுருங்க, நகராட்சி நாய்க் கொட்டடிக்கு மட்டும் அனுப்பாதீங்க. ராய்ஸ் உங்களப் பாத்ததே இல்ல, உங்க வீடும் தெரியாது. நீங்க இங்கேயும் தண்ணித் தொட்டி மலைக்கும் வராம இருந்தா போதும். காலையில கால்வாய்க் கரை, மெதுவா. விலா சேந்ததும் நூலகத்துப் புல்லு. மாத்திரை, தீனி, ஊசி போட்ட சீட்டு எல்லாம் அந்தத் துணிப்பையில இருக்கு. பெருசா ஏதாவது சத்தம் கேட்டா கட்டிலுக்கு அடியில போயிருவான், இழுக்காதீங்க, அவனா வருவான்.

அழாதீங்க. மணி ஏழரை ஆகுது. இந்தாங்க, பிடிங்க, கைல ரெண்டு சுத்து சுத்திக்குங்க, நான் வண்டிய எடுக்கும்போது இழுப்பான். அப்படியே அந்தப் பக்கமா, ஓட்டோகிட்ட திருப்பி விடுங்க. நான் போறத இவன் பாக்க வேணாம்.